கறுப்பு பூனை வளக்குறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

கேள்வி, 2022 ஜூன் 4

எங்க மாடிப்படிக்கு கீழ ஒரு வரிப்பூனை மூணு குட்டி போட்டிருக்கு. ரெண்டு தாய் மாதிரியே வரி வரியா, அதுக்கு ஆள் வந்தாச்சு. மூணாவது அட்டக்கரி, அதை மட்டும் யாரும் சீண்டல. நான் வச்சுக்கலாம்னு பாக்குறேன், மாமியார் ஆகாதுங்கறாங்க. வளக்குறவங்க சொல்லுங்க, கறுப்பு பூனையோட இருக்கறதுல அப்படி என்னதான் சுகம்?

ஜூன் 4, ராத்திரி 11.15

எடுத்துக்குங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.

ஜூன் 5

சரி, விவரமா. நான் திருச்சி உறையூர், மாடி போர்ஷன், அம்மாவும் நானும். போன மாசத்துலருந்து ஒரு கறுப்பு பூனை எங்க வீட்டை தன் வீடுன்னு முடிவு பண்ணிருச்சு. பேரு உளுந்து. தோலோட இருக்கற கறுப்பு உளுந்தை கையில எடுத்து பாத்தா ஓரத்துல ஒரு துளி வெள்ளை தெரியும்ல, இவனுக்கும் நெஞ்சுல அதே மாதிரி ஒரு துளி வெள்ளை.

முதல் சுகம் என்னன்னா, இவன் எங்க இருக்கான்னே தெரியாது. எங்க கிச்சன்ல அலமாரி பூரா கடப்பா கல்லு, அதுல இவன் படுத்தா கல்லுக்கு கண்ணு முளைச்ச மாதிரி இருக்கும். அம்மா ஒரு நாள் ஆட்டுக்கல்லை கழுவலாம்னு ஒரு சொம்பு தண்ணி ஊத்த போனாங்க, குழிக்குள்ள குழவிக்கு பதிலா இவன். நான் ஒரு நாள் காலையில ஆபீசுக்கு லேட்டாயிருச்சுன்னு செருப்பு ஸ்டாண்டு மேலருந்து ஹெல்மெட்டை எடுத்தேன், அது "மியாவ்"னுச்சு.

இன்னொரு அதிசயம், இவனுக்கு ரெண்டு குணம். காலையில வந்தா கன்னுக்குட்டி, காலை சுத்தி சுத்தி வந்து மடியில ஏறி வயித்த காட்டுவான். அதே ஆளு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தா ரவுடி. கிட்ட போனா சீறுவான், தட்டை வச்சிட்டு மூணடி தள்ளி நிக்கணும். கறுப்பு பூனைங்க இப்படித்தான் போல, பகல் வேற ராத்திரி வேற.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழிச்சு

மாமியார் ஆகாதுங்கறாங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல, அந்த சகுனம் பத்தி சொல்ல மறந்துட்டேன். கீழ ஹவுஸ் ஓனர் ஐயா இருக்காரு, ரிட்டயர்டு மனுஷன், வெள்ளை வேட்டி வெள்ளை சட்டை. இவன் குறுக்க போனா திரும்ப உள்ள போயி உக்காந்து ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுதான் கிளம்புவாரு. ஒரு தடவை அப்படி உக்காந்ததுல பஸ்ஸ விட்டுட்டாரு, அதுக்கும் பூனைதான் காரணம்னாரு. எங்கம்மா சொல்றது: "நம்ம வீட்டுக்குள்ள ஒரு நாளைக்கு நூறு தடவை குறுக்க போகுது, அத்தனைக்கும் தண்ணி குடிச்சா வயிறு என்னத்துக்கு ஆகும்."

ஜூன் 9

கறுப்பு பூனை குறுக்க போனா ஆகாதுங்கறது நம்ம ஊர் நம்பிக்கைன்னு நானும்தான் நினைச்சுட்டு இருந்தேன். ஊர்ல ஆச்சிகிட்ட போன்ல கேட்டா சிரிக்குது. "பூனைன்னா பூனைதான்டி, அதுல கறுப்பென்ன வெள்ளையென்ன, எது குறுக்க வந்தாலும் உக்காந்துட்டுதான் போவோம்"னுச்சு. யோசிச்சு பாத்தா சரிதான். கறுப்பை மட்டும் தனியா பிரிச்சு வச்சு பயப்படுறது இங்கிலீஷ் படத்துலருந்து ஒட்டிக்கிட்டதுன்னுதான் எனக்கு தோணுது. ஆனா இங்கிலாந்துக்காரனே பல இடத்துல கறுப்பு பூனை குறுக்க வந்தா அதிர்ஷ்டம்னு சொல்றவன், கப்பல்காரங்க கறுப்பு பூனையா தேடி ஏத்திக்குவாங்களாம். அமெரிக்காவுல அதே பூனை துரதிர்ஷ்டம். அட்லாண்டிக் தாண்டும்போது ராசி மாறிப்போச்சு போல. ஜப்பான்ல கடை வாசல்ல கையை ஆட்டுற பூனை பொம்மை இருக்குல்ல, அதுலயே கறுப்புக்கு தனி மரியாதை, கெட்டதை அண்ட விடாதுன்னு வைப்பாங்க.

உங்க மாமியார்கிட்ட ஜப்பான் கதைய சொல்லாதீங்க, வேலைக்காவாது. ஆச்சி கதைய சொல்லுங்க. வரிப்பூனையும் அதே சகுனம்தான், அதுவே மாடிப்படிக்கு கீழ குடும்பம் நடத்துது, இன்னும் என்ன கெட்டுப்போச்சுன்னு கேளுங்க.

ஜூன் 17

வரிப்பூனைக்கு எப்படி கறுப்பு குட்டின்னு கேட்டிருந்தீங்க. மாமியார் வேற மாதிரி எதாவது சொல்லியிருப்பாங்க, விடுங்க. விஷயம் இதுதான். சாதா வரிப்பூனையோட ஒரு முடிய பிச்சு வெளிச்சத்துல பாருங்க, ஒரே முடியில மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையா மாறி மாறி வரும். அப்படி மாத்தி மாத்தி பூசுன்னு உத்தரவு போடுற ஜீனுக்கு அகூட்டின்னு பேரு. அது வேலை செய்யாம போனா முடி அடியிலருந்து நுனி வரைக்கும் ஒரே கறுப்பு. 2003ல அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணி சொன்னது என்னன்னா, வீட்டு பூனையில அந்த ஜீன்ல ரெண்டே ரெண்டு எழுத்து விட்டுப்போயிருக்கு. அவ்வளவுதான். ஒரு புத்தகத்துல ரெண்டு எழுத்து அச்சுப்பிழை, பூனை பூரா கறுப்பு.

ஆனா அந்த பிழை அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு, ரெண்டும் சேந்து வந்தாத்தான் குட்டி கறுப்பாகும். ஒண்ணு மட்டும் இருந்தா வெளிய தெரியாது, உள்ள ஒளிச்சு வச்சிருக்கும். உங்க வரிப்பூனை அப்படி ஒளிச்சு வச்சிருந்தது, தெருவுல யாரோ ஒரு கடுவனும் ஒளிச்சு வச்சிருந்தான் இல்லன்னா அவனே கறுப்பு. தாயை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க.

குட்டியை காலை வெயில்ல வச்சு பக்கவாட்டுல பாருங்க. கறுப்புக்குள்ள மங்கலா வரி தெரியும். கோடு போட்ட துணிய கறுப்பு சாயத்துல முக்குன மாதிரி. சிறுத்தையும் அப்படித்தான், நம்ம நீலகிரி பக்கம் வர்ற கருஞ்சிறுத்தைக்கும் உள்ள புள்ளி இருக்கும்.

ஜூன் 17

குட்டிக்கு உடம்பு சுடுதுன்னு இப்பதான் பாத்தேன். பாராசிட்டமால் குடுக்காதீங்க. கால் மாத்திரை கூட வேண்டாம், பூனைக்கு அது விஷம். நாய்க்கு உண்ணிக்கு போடுற சொட்டு மருந்தும் வேண்டாம், அதுல நிறைய மருந்துல பெர்மெத்ரின் இருக்கும், அதுவும் ஆகாது. டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க, இதை அப்புறம் படிங்க.

ஜூன் 20

குட்டிக்கு சரியாயிருச்சா, அப்பாடா. நல்லது.

ஜூலை 2

எல்லாரும் உக்காந்துக்குங்க, நான் ஒரு தப்பை ஒத்துக்கணும்.

நேத்து ராத்திரி நல்ல மழை. ஒன்பது மணிக்கு கதவ திறந்தா உளுந்து நனைஞ்சு நிக்கிறான். துண்டு எடுக்க உள்ள போயிட்டு திரும்பி வந்தா வாசல்ல ரெண்டு உளுந்து நிக்குது. ஒண்ணு காலை உரசுது, ஒண்ணு சீறுது. அம்மா பின்னாடி வந்து பாத்துட்டு "கண்ணாடி எங்க வச்சேன்"னு தேட ஆரம்பிச்சிட்டாங்க.

ஒரு மாசத்துக்கு மேலா ரெண்டு பூனைக்கு சோறு போட்டுட்டு ஒரு பூனைன்னு நினைச்சிட்டு இருந்திருக்கேன். தட்டு தட்டா திங்குறானே, உடம்பு ஏறலியேன்னு பூச்சி மருந்து வேற வாங்கி வச்சிருந்தேன். ஜூன் 5ல எழுதின "கறுப்பு பூனைக்கு ரெண்டு குணம்" அம்புட்டும் கேன்சல். காலையில வர்றவன் உளுந்து. ராத்திரி ரவுடி வேற ஆளு, பொண்ணு, நெஞ்சுல வெள்ளை கிடையாது, இடது காது நுனி நேரா வெட்டியிருக்கு. பிடிச்சு குடும்பக்கட்டுப்பாடு பண்ணி விட்ட பூனைக்கு அடையாளமா அப்படி வெட்டி விடுவாங்க, அப்ப இவ ஏற்கனவே யாரோ புண்ணியவான் கையில போயிட்டு வந்தவ. இருட்டுல காதை எவன் பாத்தான். பேரு மிளகுன்னு வச்சாச்சு, காரம் அதுக்கு மேல.

ஹெல்மெட்டுக்கு பதிலா நான் தூக்குனது யாருன்னு இப்ப சந்தேகமா இருக்கு. மிளகா இருந்திருந்தா இந்த கை இருந்திருக்காது, அதனால உளுந்துதான்.

ஜூலை 3

சிரிச்சு முடிச்சிட்டீங்களா.

ஜூலை 11

குட்டிக்கு பின்னங்கால்ல ஒரு விரல் மட்டும் ஆரஞ்சுன்னு எழுதியிருந்தீங்களே, அப்ப அது பொண்ணுன்னு பந்தயம் கட்டலாம். ஆரஞ்சு நிறம் எக்ஸ் குரோமோசோம்ல வர்றது, கறுப்பும் ஆரஞ்சும் ஒரே உடம்புல வரணும்னா ரெண்டு எக்ஸ் வேணும், அது பொதுவா பொண்ணுக்குத்தான் இருக்கும். கடுவன்ல அப்படி வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா எக்ஸ்ல எந்த ஜீன்னு இன்னும் யாரும் கண்டுபிடிக்கல.

அப்படின்னா உங்களுது சுத்த கறுப்பே இல்ல, ஆரஞ்சு கலந்த கறுப்பு, ஆரஞ்சு மட்டும் ஒரு விரலோட நின்னுருச்சு. மாமியார்கிட்ட "இது கறுப்பு பூனையே இல்ல அத்தை"ன்னு தாராளமா சொல்லலாம், பொய்யாகாது.

செப்டம்பர் 18

போட்டோ எடுக்க வரலன்னு கேட்ட தம்பிக்கு. எனக்கும் முதல் ஆறு மாசம் வராது, சும்மா ஒரு கறுப்பு ஓட்டையும் ரெண்டு மஞ்ச பொட்டும்தான் வரும். (ஆறு மாசம்னு எழுதிட்டேன், எனக்கே இப்ப அஞ்சாவது மாசம்தான். பரவால்ல.) வெள்ளை சுவத்துக்கு முன்னாடி வச்சு எடுக்காதீங்க, போன் சுவத்தை பாத்து வெளிச்சத்தை குறைச்சிரும், பூனை கரியாயிரும். ஜன்னல் பக்கத்துல, வெளிச்சம் ஒரு பக்கமா விழுற மாதிரி உக்கார வச்சு, திரையில பூனை மூஞ்சிய தொட்டு ஃபோகஸ் பண்ணுங்க. பிளாஷ் வேண்டாம், கண்ணு பேய் மாதிரி வரும். பின்னாடி எங்கம்மாவோட பழைய மாம்பழக்கலர் சேலைய தொங்க விட்டேன், உளுந்து கல்யாண ஆல்பத்துல நிக்கிற மாப்பிள்ளை மாதிரி வந்தான்.

அக்டோபர் 25

தீபாவளி முடிஞ்சுச்சு. முந்தாநாள் சாயங்காலம் முதல் சரவெடிக்கு ரெண்டு பேரும் மாயம். கறுப்பு பூனைய தேடுறதுக்கு ஒரே வழிதான், லைட்ட எல்லாம் அணைச்சிட்டு டார்ச்சை கண்ணு மட்டத்துல பிடிச்சு மெதுவா சுத்தணும். பூனை கண்ணுக்கு பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, வெளிச்சத்தை திருப்பி அடிக்கும். பரண் மேல பித்தளை அண்டாவுக்கு பின்னாடி நாலு பச்சை புள்ளி. ஒருத்தரை ஒருத்தர் பாத்தாலே சண்டை போடுறதுங்க, அன்னைக்கு ஒட்டி உக்காந்திருந்துச்சுங்க. நானும் ஏணிய போட்டு ஏறி பக்கத்துல உக்காந்துட்டேன். பரண்ல பழைய புளிப்பானை வாசனை, அண்டாவுக்குள்ள வெடிச் சத்தம் கொஞ்சம் எதிரொலிக்குது, மிளகோட முதுகு என் முழங்கால்ல லேசா பட்டுட்டு இருக்கு. அது அவ தெரிஞ்சு வச்சதா, இடம் இல்லாம வச்சதான்னு தெரியல. நான் அசையவே இல்ல, கால் மரத்துப்போச்சு. அம்மா கீழருந்து "பலகாரம் சாப்பிட வர்றியா இல்ல அங்கயே குடித்தனமா"ன்னு கேட்டாங்க.

கேட்டீங்களே என்ன சுகம்னு.

2023 ஜனவரி 6

மார்கழி. அம்மா விடியக்காலையில குளிருல போட்ட புள்ளிக்கோலத்துல உளுந்து உருண்டிருக்கான். வயித்துல அஞ்சு புள்ளி அப்படியே அச்சா விழுந்திருக்கு. கறுப்பு பூனைய வச்சிருந்தா அது எங்க போச்சுன்னு விசாரிக்கவே வேண்டாம், உடம்பே சொல்லும். சுண்ணாம்பு சுவத்துல உரசினா ஒரு பக்கம் வெள்ளை, அரிசி மூட்டை மேல படுத்தா தவிடு, பரணுக்கு போனா ஒட்டடை.

அப்புறம் ஹவுஸ் ஓனர் ஐயா வேட்டியில இன்னைக்கு பின்பக்கம் கறுப்பு முடி. நான் ஒண்ணும் கேக்கல. மனுஷன் ரகசியமா மடியில வச்சு கொஞ்சுறாரு போல!

ஜனவரி 9

மன்னிக்கணும், அது நான் கட்டின கதை. கொடியில காயுற வேட்டி காத்துல கீழ விழுந்திருக்கு, உளுந்து அதுமேல படுத்து தூங்கியிருக்கான். ஐயா இன்னும் தண்ணி குடிச்சிட்டுதான் கிளம்புறாரு.

மார்ச் 14

தெள்ளுப்பூச்சி பத்தி. கறுப்பு முடியில அது கண்ணுக்கே தெரியாது, சொறியுதேன்னு பாத்தா ஒண்ணும் இருக்காது. பேன் சீப்பால சீவி, விழுறதை நனைச்ச வெள்ளை டிஷ்யூ மேல தட்டுங்க. கறுப்பு துகள் தண்ணி பட்டதும் செம்பழுப்பா கரைஞ்சா அது பூச்சியோட கழிவு, பூனையோட ரத்தம்தான் அது. கரையலன்னா வெறும் மண்ணு. டாக்டர் ஒருத்தர் சொல்லிக்குடுத்தது.

மே 21

உளுந்து பழுப்பாயிட்டான்! பழைய புளி கலர்ல இருந்தவன் புதுப்புளி கலருக்கு வந்துட்டான், முதுகும் வாலும் செம்பட்டை. வெயில்தான்னு நினைச்சேன், அக்னி நட்சத்திரத்துல மொட்டை மாடியில போயி வறுபடுறவன் வேற. வெயிலும் ஒரு காரணம்தான். ஆனா படிச்சு பாத்தா சாப்பாடும் இருக்கு. முடிக்கு கறுப்பு குடுக்கற மெலனினை உடம்பு டைரோசின்ங்கற சத்துலருந்துதான் செய்யும், கறி மீன் முட்டையில இருக்கறது. கலிபோர்னியாவுல டேவிஸ்ல இருக்கற பல்கலைக்கழகத்துல கறுப்பு பூனைக்கு அந்த சத்தை குறைச்சு குடுத்து பாத்திருக்காங்க, முடி செம்பட்டையாயிருக்கு. எங்கம்மா மூணு மாசமா பாசத்துல பால்சோறா ஊட்டியிருக்காங்க. வளந்த பூனை நிறைய பேருக்கு பாலே ஒத்துக்காது, அது தனி.

மிளகு யார்கிட்டயும் பால்சோறு வாங்கித் தின்னது கிடையாது. அவ அப்படியே மை மாதிரி இருக்கா.

ஆகஸ்ட் 30

பால்சோறு நிறுத்தி நெத்திலியும் சாளையும் உப்பில்லாம வேக வச்சு, வாரம் ரெண்டு வேகவச்ச முட்டை. கருவாடு கிடையாது, உப்பு. இப்ப அடியில கறுப்பு முளைச்சு வருது, நுனி மட்டும் செம்பட்டை. சாப்பாடா, வெயில் குறைஞ்சதான்னு என்னை கேக்காதீங்க, ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு எப்படி தெரியும்.

2024 பிப்ரவரி 11

பெட் ஷாப்ல ஒருத்தர் "பாம்பே கேட், ஒரிஜினல், மும்பைலருந்து வருது"ன்னு பதினைஞ்சாயிரம் சொன்னதா எழுதியிருந்தாங்க. பாம்பே பூனைன்னு ஒரு ஜாதி நிஜமாவே இருக்கு. ஆனா அது பாம்பேய பாத்ததே கிடையாது. அமெரிக்காவுல கென்டக்கி, லூயிவில்ல நிக்கி ஹார்னர்னு ஒரு அம்மா 1950கள்ல பர்மிய பூனையையும் கறுப்பு அமெரிக்க பூனையையும் சேத்து வளத்தாங்க. குட்டி கருஞ்சிறுத்தை மாதிரி இருக்கு, கருஞ்சிறுத்தை இந்தியாவுல இருக்கு, அதனால பாம்பே. நாம நம்மூர் ஆட்டுக்கு லண்டன்னு பேர் வச்ச கதை. பதினைஞ்சாயிரத்தை பத்திரமா வச்சுக்குங்க, உங்க தெரு மாடிப்படிக்கு கீழ பாருங்க.

ஜூலை 7

அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரி பாத்ரூம் போறப்ப உளுந்து முன்னாடி நடப்பான், வெளிய உக்காந்து காவல் காப்பான், திரும்ப கொண்டாந்து விடுவான். 1984ல ஆரம்பிச்ச தேசிய பாதுகாப்பு படைக்கு கறுப்பு பூனைப்படைன்னு பேரு, அவங்க காவல் பெரிய பெரிய தலைவருக்கெல்லாம்தான் கிடைச்சுது. எங்கம்மாவுக்கு நெத்திலி செலவுல கிடைச்சிருக்கு.

ஒரே சிக்கல், இருட்டுல பாதுகாவலர் தெரியமாட்டாரு. ரெண்டு தடவை வாலை மிதிச்சாச்சு. மணி கட்டினேன், ஒரு மணி நேரத்துல கழட்டி மிளகோட தட்டுல போட்டுட்டான். இப்ப நடையில ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியுது.

2025 மே 29

2022 ஜூலைல நான் எழுதினதுல ஒரு திருத்தம். ஆரஞ்சு ஜீன் எதுன்னு தெரியலன்னேன்ல, கண்டுபிடிச்சிட்டாங்க. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு, ஜப்பான்ல கியூஷூ பல்கலைக்கழகம், ரெண்டு குழுவும் தனித்தனியா தேடி ஒரே இடத்துல வந்து நின்னிருக்காங்க. ஏ.ஆர்.ஹெச்.ஜி.ஏ.பி. 36ன்னு வண்டி நம்பர் மாதிரி ஒரு பேரு. அந்த இடத்துல ஏறக்குறைய 5,000 எழுத்து காணாம போயிருக்கு, அதனாலதான் ஆரஞ்சாம். கறுப்புக்கு ரெண்டு எழுத்து போதும், ஆரஞ்சுக்கு அஞ்சாயிரம். எங்காளு சிக்கனம்.

ஒத்தை ஆரஞ்சு விரல்காரி எப்படி இருக்கா? மாமியார் மடியில படுத்திருக்கற படம் அனுப்பினீங்க, மாமியார் மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?

ஜூன் 15

உளுந்துக்கு தாடையில வெள்ளை முடி, அஞ்சாறு. கறுப்பு பூனைக்கு நரைச்சா பளிச்சுன்னு தெரியுது. அம்மா தலைக்கு டை அடிச்சிட்டு இருந்தாங்க, கிண்ணத்துல கொஞ்சம் மிச்சம். "இவனுக்கும் ஒரு இழுப்பு இழுத்து விடவா"ன்னு கேட்டாங்க. விளையாட்டுக்குத்தான், யாரும் செஞ்சு வைக்காதீங்க, பூனை உடம்பை நக்கும், டை உள்ள போகும்.

ஜூன் 16

ரெண்டு பேரும் இருக்கற படம் கேட்டுட்டே இருந்தீங்க, இந்தா. செருப்பு ஸ்டாண்டு மேல, இன்னைக்கு காலையில எடுத்தது. சேலை தொங்கவிட நேரமில்ல. எத்தனை பேருன்னு எண்ணி சொல்லுங்க.

ஜூன் 16, சாயங்காலம்

மூணுன்னு சொன்னவங்களுக்கு: நடுவுல இருக்கறது ஹெல்மெட்.